மோட்டார் வண்டிக் குளிர்சாதனமும் அதற்கு எண்ணெய் இடும் முறையும்

திருவண்ணாமலை ஜில்லாவில் நவரைப் பட்டத்து நெல் பெரும்பாலும் சித்திரை, வைகாசி மாதங்களில் அறுவடைக்கு வருகின்றது. கத்தரி வெயிலின் காலமும் அதுவே. ஆரணி, செய்யாறு, வந்தவாசி ஆகிய தாலூகாக்களின் வயல்களில் அறுவடை யந்திரங்கள் அப்பொழுது பகல் முழுவதும் ஓய்வின்றி ஓடுகின்றன. இந்த யந்திரங்கள் சிலவற்றிலும் புதிய டிராக்டர்கள் சிலவற்றிலும் ஓட்டுநர் அமரும் இடம் கண்ணாடியால் அடைக்கப்பட்டு, யாவரும் ஏ.ஸி. என்று கூறும் குளிர்சாதனம் பொருத்தப்பட்டிருக்கின்றது. இதனை வெறும் சொகுசு என்று கருதுவது தவறு. குளிர்சாதனம் நின்றுபோனால் கண்ணாடி அறை சூளையாகி விடும். கதவைத் திறந்து வைத்தாலோ நெல்லின் சுணையும் புழுதியும் ஓட்டுநரின் கண்ணையும் மூச்சையும் வருத்தும். ஆகையால் ஏ.ஸி. பழுதானால் யந்திரமும் வயலோரத்தில் நின்று விடுகின்றது. கதிர் முற்றிய வயலில் யந்திரம் நிற்பதால் நேரும் நஷ்டம் எவ்வளவென்று நமது குடியானவர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

கார் வைத்திருப்போருக்கும் இவ்விஷயம் அந்நியமன்று. பௌர்ணமி தோறும் கிரிவலத்திற்கு வரும் கூட்டத்தினிடையே, செங்கம் சாலையிலும் வேலூர்ச் சாலையிலும் வண்டிகள் ஆமையைப் போல் ஊர்ந்து செல்லும். வேகமில்லாத வண்டியின் முன்புறத்தில் காற்று மோதாது. குளிர்சாதனத்திற்கு மிகக் கடினமான வேளை அதுவே. சரக்கு லாரிகளைக் குறித்தும், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகும் என மத்திய அரசாங்கம் 2023 டிசம்பரில் அறிவிக்கை செய்தது. ஆகவே இந்தக் கருவி நாளுக்கு நாள் கிராமத்திற்கு நெருங்கி வருகின்றது. அதைப் பழுது பார்க்கும் முறையையும் வண்டிக்குரியவர்கள் ஓரளவு அறிந்திருத்தல் அவசியம்.

பழுது பார்த்த ஏ.ஸி. சில வாரங்களிலேயே மீண்டும் கெடுவதற்கு ஒரு முக்கிய காரணம், உள்ளே இட்ட எண்ணெயின் பிழையாகும். எண்ணெயின் வகை தவறாக இருக்கலாம், அளவு குறைந்திருக்கலாம், மிகுந்தும் இருக்கலாம். இம்மூன்றையும் தவிர்க்கும் வழி எளிது. அதனை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

உறுப்புகளும் அவற்றின் வேலையும்

வண்டியின் ஏ.ஸி.யில் முக்கிய உறுப்புகள் ஐந்து. முதலாவது, எஞ்சினிலிருந்து பெல்ட் மூலம் சுழலும் கம்ப்ரெசர். இது குளிர் வாயுவை உறிஞ்சி அழுத்துகின்றது. அழுத்தப்பட்ட வாயு மிகுந்த சூடாகின்றது. இரண்டாவது, வண்டியின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன் நிற்கும் கண்டென்சர். சூடான வாயு இதனுள் ஓடி, வெளிக்காற்றுக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகின்றது. மூன்றாவது, ஈரத்தையும் அழுக்கையும் பிடித்து வைக்கும் டிரையர். நான்காவது, எக்ஸ்பான்ஷன் வால்வு எனப்படும் மிகச் சிறிய துவாரமுள்ள அடைப்பு. இதன் வழியே திரவம் பீறிட்டு வெளிவரும்போது அழுத்தம் குறைந்து கடுங்குளிர்ச்சி அடைகின்றது. ஐந்தாவது, ஓட்டுநர் அறையினுள் இருக்கும் கூலிங் காயில். அறைக் காற்றின் வெப்பத்தை இது வாங்கிக் கொள்ள, திரவம் மீண்டும் வாயுவாகிக் கம்ப்ரெசருக்குத் திரும்புகின்றது.

இவ்வைந்தும் குழாய்களாலும் ரப்பர் ஹோஸ்களாலும் இணைக்கப்பட்டு, முற்றிலும் மூடிய ஒரே வட்டமாக இருக்கின்றன. வெளிக்காற்றும் ஈரமும் இதனுள் புகலாகாது, உள்ளிருப்பதும் வெளியேறலாகாது.

எண்ணெய் வாயுவுடனேயே சுற்றுகின்றது

எஞ்சினின் அடியில் எண்ணெய்த் தொட்டி உண்டு. எண்ணெய் எவ்வளவு இருக்கின்றதென்று அளவுகோலை இழுத்துப் பார்த்தால் தெரிந்து விடும். பெரிய பேருந்துகளின் ஏ.ஸி. கம்ப்ரெசர்களிலும் எண்ணெய் மட்டத்தைக் காட்டும் கண்ணாடி உண்டு. ஆனால் கார்களிலும் டிராக்டர்களிலும் உள்ள சிறு கம்ப்ரெசர்களில் பெரும்பாலும் அத்தகைய வசதி இல்லை. எண்ணெயில் ஒரு பகுதி கம்ப்ரெசரில் தங்கியிருக்க, மற்றது வாயுவுடன் கலந்து கண்டென்சர், டிரையர், கூலிங் காயில், ஹோஸ் எல்லாவற்றிலும் பரவிச் சுற்றிக் கொண்டேயிருக்கின்றது. கம்ப்ரெசருக்குத் திரும்பி வரும் வாயு தன்னுடன் கொண்டு வரும் எண்ணெயே அதன் உராய்வைத் தடுக்கின்றது. ஆகையால் வாயு குறைந்தால் குளிர் மட்டுமன்று, எண்ணெய் திரும்பி வருவதும் குறைந்து விடுகின்றது. வாயு ஒழுகிவிட்ட ஏ.ஸி.யைத் தொடர்ந்து ஓட்டுவது கம்ப்ரெசரை எண்ணெயின்றி ஓட்டுவதற்கு ஒப்பாகும்.

ஒரு காரில் இவ்வாறு சுற்றும் எண்ணெய் மொத்தம் சுமார் 120 முதல் 240 மில்லி வரைதான் இருக்கும். இவ்வளவு சிறிய மொத்தத்தில் 50 மில்லி கூடுவதும் குறைவதும் அற்ப விஷயமன்று.

குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு

எண்ணெய் குறைந்தால் கம்ப்ரெசரின் உட்பாகங்கள் ஒன்றோடொன்று தேய்கின்றன. முதலில் இரைச்சல் தோன்றும். பின்பு தேய்ந்த உலோகத் தூள் கறுத்த சேறு போலாகி வட்டம் முழுவதும் பரவும். இறுதியில் கம்ப்ரெசர் இறுகி நின்று விடும். அப்பொழுது கம்ப்ரெசரை மட்டும் மாற்றுவதால் பயனில்லை. கண்டென்சரின் நுண்ணிய வழிகளில் தங்கிய தூள், புதிய கம்ப்ரெசரையும் அதே கதிக்கு ஆளாக்கும்.

எண்ணெய் மிகுந்தால் நன்மைதானே என்று சிலர் எண்ணுகின்றனர். வண்டி அச்சுக்கு மை சற்று அதிகமாகப் பூசினால் கெடுதியில்லை, இங்கே அவ்விதமன்று. மிகுதியான எண்ணெய் கண்டென்சரின் உட்சுவரிலும் கூலிங் காயிலின் உட்சுவரிலும் படிந்து, வெப்பம் மாறுவதைத் தடுக்கின்றது. வாயு நிற்க வேண்டிய இடத்தை எண்ணெய் அடைத்துக் கொள்ளுகின்றது. அழுத்தம் ஏறுகின்றது, குளிர் குறைகின்றது. எண்ணெய் திரளாகக் கம்ப்ரெசரினுள் புகுந்தால், திரவத்தை அழுத்த இயலாமையால் அதன் வால்வுத் தகடுகள் முறிதலும் உண்டு. கிரிவலச் சாலையில் ஊர்ந்து செல்லும் காரும் வயலில் மெதுவாக நகரும் அறுவடை யந்திரமும் போதிய காற்றின்றி ஏற்கனவே அழுத்தம் ஏறிய நிலையில் இருப்பவை. ஆதலால் எண்ணெய் மிகுதியின் தீங்கு இவற்றில் விரைவாக வெளிப்படும்.

குளிர் போதவில்லை என்று ஒருவர் எண்ணெயும் வாயுவும் சேர்க்க, அதனால் குளிர் மேலும் குறைய, மறுபடியும் சேர்ப்பதென்பது பல வண்டிகளுக்கு நேரும் அவகேடு.

எண்ணெயின் வகை

எந்த வாயுவோ அதற்குரிய எண்ணெய் என்பது முதல் விதி. எண்ணெய் வாயுவில் கரைந்தாலன்றி அதனுடன் சுற்றித் திரும்பாது.

பழைய வண்டிகளில் ஆர்-12 என்னும் வாயு இருந்தது. அதற்கு மினரல் எண்ணெய் உகந்தது. இப்பொழுது நம் நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் உள்ளது ஆர்-134ஏ. மினரல் எண்ணெய் இதில் கரையாமல் கூலிங் காயிலின் அடியிலேயே தங்கிவிடும். கம்ப்ரெசர் வறண்டு போகும். எனவே ஆர்-134ஏ வாயுவுக்கு பி.ஏ.ஜி. என்னும் செயற்கை எண்ணெயையே வண்டி செய்வோர் பெரும்பாலும் விதிக்கின்றனர். இதிலும் 46, 100, 150 எனத் தரங்கள் உண்டு. இவ்வெண்கள் 40 பாகை உஷ்ணத்தில் எண்ணெயின் குழகுழப்பைக் குறிப்பவை. எண் ஏற ஏற எண்ணெய் கெட்டியாகும். 46 விதிக்கப்பட்ட கம்ப்ரெசருக்கு 150 இடுவதும், 150 விதிக்கப்பட்டதற்கு 46 இடுவதும் தவறு. எந்தத் தரம் வேண்டுமென்பது கம்ப்ரெசர் மீதுள்ள சீட்டிலோ, வண்டியின் பானெட்டுக்கு அடியிலுள்ள சீட்டிலோ, பழுது பார்க்கும் கையேட்டிலோ காணப்படும்.

பழைய ஆர்-12 வண்டியை ஆர்-134ஏ வாயுவுக்கு மாற்றும்போது, எஞ்சி நிற்கும் மினரல் எண்ணெயுடன் ஓரளவு ஒத்துப்போகும் எஸ்டர் எண்ணெயைப் பலர் உபயோகிக்கின்றனர். மின்சாரத்தால் ஓடும் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் கம்ப்ரெசரின் மோட்டார் எண்ணெயிலேயே நனைந்திருக்கின்றது. இவற்றுக்கு மின்சாரம் பாயாத தனி எஸ்டர் எண்ணெயே தகுந்தது. பி.ஏ.ஜி. சிறிதளவு கலந்தாலும் மின்காப்புக் குறைந்து வண்டியே நின்று விடக்கூடும். இத்தகைய வண்டியை அதற்கென்று தனிக் கருவி வைத்துள்ள பட்டறைக்கே கொண்டு செல்லுதல் வேண்டும்.

பி.ஏ.ஜி. எண்ணெய்க்கும் எஸ்டர் எண்ணெய்க்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. உப்பு மழைக்காலத்தில் கசிவது போல, இவை காற்றிலுள்ள ஈரத்தை விரைவாக உறிஞ்சும். ஈரம் உள்ளே புகுந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வின் துவாரத்தில் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். நாளடைவில் உலோகத்தையும் அரிக்கும். ஆகையால் மூடி திறந்தபடி பட்டறை அலமாரியில் பல நாள் நின்ற எண்ணெயை ஏற்கலாகாது. சிறு டப்பாவாக வாங்கி, கண்ணெதிரே உடைத்து, மீதியை உடனே மூடச் செய்தல் நலம்.

எண்ணெய்க் கணக்கு

அளவுகோலும் கண்ணாடியும் இல்லாத இவ்வட்டத்தில் எண்ணெய் எவ்வளவு இருக்கின்றதென்பதை நேரில் காண முடியாது. கணக்கு வைப்பதொன்றே வழி. ஆரம்ப இருப்பு எவ்வளவு, வெளியே சென்றது எவ்வளவு, உள்ளே வந்தது எவ்வளவு என்று எழுதினால், முடிவு இருப்புத் தானே விளங்கும். தானியக் களஞ்சியத்திற்கு நாம் வைக்கும் கணக்கும் இத்தகையதே.

ஆரம்ப இருப்பு என்பது வண்டி செய்தோர் விதித்த மொத்த அளவு. கழற்றி எறியும் ஒவ்வோர் உறுப்பும் தன்னுள் தங்கிய எண்ணெயையும் கொண்டு சென்று விடுகின்றது. பல கையேடுகளில் காணப்படும் உத்தேச அளவுகள் பின்வருமாறு: கண்டென்சரை மாற்றினால் சுமார் 30 மில்லி, கூலிங் காயிலை மாற்றினால் 30 முதல் 60 மில்லி, டிரையரை மாற்றினால் 15 முதல் 30 மில்லி, ஒரு ஹோஸை மாற்றினால் சுமார் 10 மில்லி. குறிப்பிட்ட வண்டியின் கையேடு வேறு அளவு கூறுமாயின் அதுவே பிரமாணம். இவற்றோடு, பழைய வாயுவை யந்திரத்தால் இறக்கும்போது அதனுடன் பிரிந்து வரும் எண்ணெயையும் செலவில் எழுத வேண்டும். வாயு இறக்கும் யந்திரத்தில் இதற்கென்றே சிறு புட்டி உண்டு.

கம்ப்ரெசரை மாற்றும்போது உத்தேசத்தை நம்பலாகாது. பழைய கம்ப்ரெசரைக் கவிழ்த்து, அதன் தண்டைக் கையால் சுழற்றிச் சுழற்றி, உள்ளிருக்கும் எண்ணெயை அளவுக் கோடுள்ள பாத்திரத்தில் வடித்து அளக்க வேண்டும். புதிய கம்ப்ரெசரிலும் எண்ணெய் இருக்கின்றதா என்று பார்த்து, இருந்தால் அதையும் சுத்தமான பாத்திரத்தில் வடித்து அளக்க வேண்டும். புதிய கம்ப்ரெசர்கள் பல, வட்டம் முழுவதற்கும் வேண்டிய எண்ணெயுடனேயே விற்கப்படுகின்றன. சில வெறுமையாகவும் வருகின்றன. இதனைப் பாராமல் பொருத்துவதே மிகுதியாக நடைபெறும் பிழை.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு வண்டிக்கு விதித்த மொத்த எண்ணெய் 150 மில்லி என்று வைத்துக் கொள்வோம்.

முதல் வகை: கல் தெறித்துக் கண்டென்சர் ஓட்டையாயிற்று, அதை உடனே கண்டு மாற்றுகின்றனர். கண்டென்சருடன் சென்றது 30 மில்லி. வாயுவுடன் எண்ணெய் சிந்திய தடம் காணப்பட்டால் அதற்கு ஈடாகச் சிறிது. இவ்வளவையே சேர்த்தால் போதும்.

இரண்டாம் வகை: ஓசை வந்த கம்ப்ரெசரை, அது இறுகி நிற்குமுன் மாற்றுகின்றனர், உலோகத் தூள் இல்லை. வாயு இறக்கும்போது 10 மில்லியும், பழைய கம்ப்ரெசரை வடித்ததில் 45 மில்லியும் வந்தன. ஆகவே வட்டத்தில் எஞ்சியது 95 மில்லி. புதிய கம்ப்ரெசரில் இருக்க வேண்டியது 55 மில்லி மட்டுமே. அதில் ஏற்கனவே 150 மில்லி இருந்து, அதை வடிக்காமல் அப்படியே பொருத்தினால் மொத்தம் 245 மில்லியாகி விடும். 95 மில்லி மிகுதி! கைக்காசு கொடுத்துப் புதிய கம்ப்ரெசரை வாங்கி, முதல் நாளிலேயே அதைக் கெடுக்கும் வேலையாகும் இது. பழைய கம்ப்ரெசரின் உட்சுவரில் ஒட்டி நிற்பதற்காகச் சில கையேடுகள் சிறிதளவு கூட்டிக் கொள்ளச் சொல்லுகின்றன; அவ்வாறிருப்பின் அதன்படி செய்யலாம்.

மூன்றாம் வகை: வட்டம் முழுவதையும் கழற்றி, கழுவ வேண்டியதைக் கழுவி, மாற்ற வேண்டியதை மாற்றிப் புதுப்பிக்கின்றனர். இப்பொழுது ஆரம்ப இருப்புப் பூஜ்யம். ஆகவே விதித்த 150 மில்லி முழுவதும் வேண்டும். புதிய கம்ப்ரெசரிலேயே அவ்வளவும் இருந்தால் வேறெங்கும் ஒரு துளியும் சேர்க்கலாகாது. கம்ப்ரெசர் வெறுமையாயின், ஏறக்குறையப் பாதியைக் கம்ப்ரெசரிலும் மீதியைக் கண்டென்சர், டிரையர், கூலிங் காயில் ஆகியவற்றிலும் பகிர்ந்து இடலாம்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்கச் சேர்க்கும் ஒளிரும் சாயமும் எண்ணெயில் கலந்தே வருகின்றது. அதுவும் வரவில் எழுதத்தக்கதே.

கணக்குத் தெரியாதவிடத்து

பழைய வண்டி விலைக்கு வாங்கியவருக்கு முன்னர் யார் எவ்வளவு எண்ணெய் இட்டனர் என்பது தெரியாது. பல மாதங்கள் சிறுகச் சிறுக ஒழுகிய வண்டியிலும், ஹோஸ் வெடித்து எண்ணெய் தெறித்த வண்டியிலும், கம்ப்ரெசர் இறுகிப்போன வண்டியிலும் இருப்பு நிச்சயமில்லை. இத்தகைய சந்தர்ப்பத்தில் ஊகித்துச் சேர்ப்பதினும், கழுவிப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதே உத்தமம்.

கழுவும்போது, அதற்கென்று செய்த திரவத்தை உபயோகித்து, உலர்ந்த நைட்ரஜன் வாயுவை ஊதித் திரவத்தைச் சொட்டின்றி வெளியேற்ற வேண்டும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஆகா. பட்டறைக் காற்றுக் குழாயின் காற்றில் ஈரமிருப்பதால் அதனால் ஊதுவதும் நன்றன்று. ஹோஸையும் உலோகக் குழாயையும் கூலிங் காயிலையும் கழுவலாம். கம்ப்ரெசர், எக்ஸ்பான்ஷன் வால்வு, டிரையர் ஆகியவை கழுவத்தக்கவையல்ல. தற்கால வண்டிகளின் கண்டென்சரில் எண்ணெய் ஓடும் வழிகள் மயிர்போல் மெல்லியவையாதலின், உலோகத் தூள் புகுந்தபின் அவற்றைக் கழுவிச் சுத்தமாக்குதல் கூடாத காரியம். ஆகவே கம்ப்ரெசர் இறுகி உடைந்த வண்டியில் கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றையும் மாற்றச் சொல்லும் மெக்கானிக் அதிகச் செலவு வைப்பவரல்லர். இரண்டாம் செலவைத் தவிர்ப்பவர் என்று அறிக.

வட்டம் எப்பொழுது திறக்கப்பட்டாலும் டிரையரை மாற்றி விடுதல் முறை. அதன் சரக்கு ஈரம் குடித்து விட்டால் மேலும் குடிக்காது. புது டிரையரின் மூடிகளைக் கடைசி நிமிஷத்தில்தான் திறக்க வேண்டும். இணைப்புகளிலுள்ள ரப்பர் வளையங்களையும் புதிதாக இட்டு, எண்ணெய் தடவிப் பூட்ட வேண்டும்.

எண்ணெய் இட்ட பின்

எண்ணெய் இட்ட கம்ப்ரெசரைப் பொருத்தியதும் எஞ்சினை முடுக்கலாகாது. முதலில் கம்ப்ரெசரின் முன்தட்டைக் கையால் பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கள் மெதுவாகச் சுழற்ற வேண்டும். சிலிண்டரினுள் தேங்கிய எண்ணெய் இதனால் வெளியே தள்ளப்படும். இந்த அரை நிமிஷ வேலையைச் செய்யாததால் புதிய கம்ப்ரெசரின் வால்வு முறிந்து போகக்கூடும்.

பின்பு வாக்குவம் பம்பினால் வட்டத்திலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். அழுத்தம் மிகத் தாழும்போது தண்ணீர் சாதாரண உஷ்ணத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். இதற்குக் குறைந்தது 30 முதல் 45 நிமிஷம் வேண்டும்; மழைக்காலத்தில் மேலும் நேரம் கொடுத்தல் நலம். பம்பை நிறுத்தியபின் மானியின் முள் அசையாமல் நிற்கின்றதா என்று பார்க்க வேண்டும். முள் ஏறினால் ஒழுக்கு உண்டென்று அர்த்தம்.

இறுதியில் வாயுவைத் தராசில் நிறுத்தே செலுத்த வேண்டும். சிறு கார்களில் பெரும்பாலும் சுமார் 400 முதல் 600 கிராம் வரை பிடிக்கும். சரியான எடை வண்டியின் சீட்டில் இருக்கும். எண்ணெயைச் சரியாக அளந்து, வாயுவைக் கையால் தொட்டுப் பார்த்து மதிப்பிடுவது பாதி வேலையேயாகும்.

செய்யத் தகாதவை

எஞ்சின் எண்ணெய், ஹைட்ராலிக் எண்ணெய், ஆமணக்கெண்ணெய், தேங்காயெண்ணெய் முதலிய எதையும் ஏ.ஸி.யில் இடலாகாது. வழவழப்பு ஒன்றே போதுமென்று எண்ணுவது பிழை. வாயுவில் கரைந்து சுற்றும் குணம் இவற்றுக்கில்லை.

ஒவ்வொரு கோடையிலும் ஒழுக்கைத் தேடாமல் வாயு மட்டும் நிரப்புவது தகாது. எண்ணெய் கலந்த வாயு டப்பாக்களும் விற்கப்படுகின்றன. அவற்றால் நிரப்பும் தோறும் கணக்கில் வராத எண்ணெய் உள்ளே சேர்ந்து கொண்டே போகும்.

சமையல் வாயுவை ஏ.ஸி.யில் ஏற்றுவது உயிருக்கு அபாயம். அது எளிதில் தீப்பற்றும். கூலிங் காயில் ஒழுகினால் மூடிய அறையினுள்ளேயே வாயு நிறையும்.

பழைய வாயுவைக் குழாயைத் தளர்த்தி வெளியே விடலாகாது. அது தோலில் பட்டால் உறைபனிப் புண்ணாகும். எண்ணெயும் வாயுவுடன் சீறி வெளியேறுவதால் கணக்கும் கெடும். உலகுக்கு நேரும் கெடுதியோ வேறு.

வாயுவும் உலக நலனும்

ஆர்-12 வாயு 1928-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினரால் ஆக்கப்பட்டது. நஞ்சில்லாதது, தீப்பற்றாதது என்று நெடுங்காலம் போற்றப்பட்ட அது, வானத்தின் மேலடுக்கிலுள்ள ஓசோனை அழிப்பதாகப் பின்னர் தெளிவாயிற்று. 1987-ல் மான்ட்ரியல் நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்து கொண்டன. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. அதன்பின் வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும் ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் பூமியைச் சூடேற்றும். இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016-ல் கிகாலி நகரில் செய்த திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றது. அதன்படி நம் நாட்டில் குறைப்பு 2032 முதல் படிப்படியாக நிகழ வேண்டும். மழை தவறுவதையும் வெயில் ஏறுவதையும் முதலில் உணர்பவர் குடியானவரேயாதலால், வாயுவை வீணே காற்றில் விடாத பட்டறையை நாடுவது அவருக்கும் நன்மையே.

வாயு மாறும்போது எண்ணெயும் மாறும். ஐரோப்பாவில் புதிய கார்களில் இப்பொழுது ஆர்-1234ஒய்எஃப் என்னும் வேறு வாயு நிரம்பி வருகின்றது. அதற்கென விதித்த எண்ணெயும் தனி. ஆகவே பழைய பழக்கத்தை நம்பாமல், ஒவ்வொரு முறையும் வண்டியின் சீட்டைப் படிப்பதே நன்று.

பராமரிப்பு

அறுவடை யந்திரம் ஒரு பட்டத்திற்கும் அடுத்த பட்டத்திற்கும் இடையே பல வாரங்கள் கொட்டகையில் நிற்கின்றது. அக்காலத்தில் எண்ணெய் கீழே இறங்கி, கம்ப்ரெசர் தண்டைச் சுற்றியுள்ள சீல் உலர்ந்து சுருங்கும். வாயு அவ்வழியே ஒழுகும். இதைத் தடுக்க, வாரம் ஒரு முறை, இயலாவிடில் மாதம் ஒரு முறையாவது, எஞ்சினை ஓட்டி ஏ.ஸி.யைப் பத்து நிமிஷம் இயக்க வேண்டும். மார்கழிக் குளிரில் காருக்கும் இதுவே விதி.

அறுவடைக் காலத்தில் கண்டென்சரின் மேல் பதரும் சுணையும் புழுதியும் அடையும். தினமும் வேலை முடிந்து யந்திரம் ஆறியபின், அதிக வேகமில்லாத தண்ணீரால் உட்புறமிருந்து வெளிப்புறமாகக் கழுவுதல் நலம். குளிர் குறைந்ததும் எண்ணெய் குறைவென்றோ வாயு குறைவென்றோ முடிவு செய்யுமுன், கண்டென்சரையும் அதன் விசிறியையும் பெல்ட்டையும் பார்ப்பது செலவில்லாத சோதனை.

குறிப்பேடு

தனியார் வண்டிக்கு உரியவரும், ஊராட்சி ஒன்றியம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் வண்டிகளுக்குப் பொறுப்பான உத்தியோகஸ்தரும் ஏ.ஸி.க்கென்று குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குதல் வேண்டும். வாயுவின் பெயர், விதித்த எடை, எண்ணெயின் வகையும் தரமும், விதித்த மொத்த அளவு ஆகியவை மேலே இருக்கட்டும். அதன் கீழ் பழுது பார்த்த தேதி, மாற்றிய உறுப்பு, வடித்த எண்ணெய், இட்ட எண்ணெய், செலுத்திய வாயுவின் எடை என்று ஒவ்வொரு முறையும் எழுதி வர வேண்டும். வண்டியை விற்கும்போது இப்பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்குபவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க நேராது. பட்டறைக்காரர் தரும் ரசீதிலும் எண்ணெயின் பெயரையும் மில்லி அளவையும் எழுதித் தரும்படி கேட்பது நியாயமே. கேட்கும் வழக்கம் பரவினால் அளக்கும் வழக்கமும் பரவும்.

பட்டறையில் வண்டியை விடும்போது கேட்க வேண்டிய கேள்விகள் நான்கே. பழைய உறுப்பிலிருந்து எவ்வளவு எண்ணெய் வடிந்தது? புதிய கம்ப்ரெசரில் எவ்வளவு இருந்தது? எந்த வகை எண்ணெய், என்ன தரம் இட்டீர்கள்? முடிவில் வட்டத்தில் இருப்பு எவ்வளவு? இவற்றுக்குத் தயங்காமல் விடை கூறும் மெக்கானிக்கிடம் வண்டியை நம்பி விடலாம். நவரை அறுவடை தொடங்குவதற்கு முன்னரே, மாசி, பங்குனி மாதங்களில், யந்திரங்களின் ஏ.ஸி.யைச் சோதித்து, வேண்டிய பழுதை இம்முறைப்படி பார்த்து வைத்துக் கொள்ளுமாறு குடியானவர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.